ரெண்டு மூடி

ஏரலில் உரக்கடை வைத்திருக்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் வாங்குகிறவர்களுக்கு அளவை மூடிக் கணக்கில்தான் சொல்வேன்: "டேங்குக்கு ரெண்டு மூடி."

ஒரு வருஷம் அந்த மருந்து வீரியம் கூட்டி, புதுப் பாட்டிலில் வந்தது. நான் லேபிளைப் படிக்கவில்லை. நெல்லுக்கு அடிக்க வாங்கிய செல்வியிடமும் வாய்ப்பழக்கத்தில் அதையே சொன்னேன்.

பத்து நாளில் சிரித்துக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, பயிரு எப்படி வளந்து நிக்கி தெரியுமா!"

அவள் போனபின் லேபிளை எடுத்துப் பார்த்தேன். அரை மூடிதான் போட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கடற்காற்று வேகமாக அடித்த ஒரு மத்தியானம் பயிர் மொத்தமும் சாய்ந்தது. சத்தெல்லாம் தாளுக்கே போயிருந்தது. செல்வி ஒரு கதிரைக் கொண்டுவந்து என் மேஜையில் உருவிப் போட்டாள். நசுக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் அரிசி இல்லை, எல்லாம் பதர்.

"நான்தான் மூடியத் தப்பா எண்ணிட்டேன் போல அண்ணாச்சி. வீட்டுல அவிய ஏசுதாவ."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அடுத்த தடவை பாத்து ஊத்தும்மா" என்றுதான் வந்தது.

இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறாள். மருந்தை வாங்கிக்கொண்டு, நான் சொன்ன அளவை என் முன்னாலேயே மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறாள்.