மைன்ஸில் இருந்துகொண்டே கார் ஓட்டியவன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பொய் சொல்லப் போகிறவன் தலையில் இருக்கும் மைன்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்கிற அறிவு எனக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் வரவில்லை. காலில் சேஃப்டி ஷூ, சட்டையெல்லாம் கரித்தூசி, கழுத்தில் அடையாள அட்டை. இந்தக் கோலத்தில் ஏட்டு முன்னால் நின்று, "கார் ஓட்டினது நான்தான் சார்" என்றேன்.

ஓட்டியது என் மகள். பிளஸ் டூ. பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம்.

கற்றுக்கொடுத்தது நான். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருப்பதுதான் எங்களுக்கு ரோடு. உள்ளே இருப்பதெல்லாம் எங்கள் வீட்டு வாசல், கொஞ்சம் நீளமான வாசல், அவ்வளவுதான். லைசென்ஸ் என்று யாராவது ஆரம்பித்தால், "டவுன்ஷிப்புக்குள்ளதானேங்க" என்று முடித்துவிடுவோம். அவள் முதல் தடவை தனியாக பிளாக்கைச் சுற்றி வந்தபோது வீடியோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்தேன். அவள் முகம், நம்பர் பிளேட், பக்கத்தில் கைதட்டும் என் குரல், எல்லாம் பளிச்சென்று இருந்தன. என் மேல் கேஸ் போட நினைப்பவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அன்றைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். எட்டரை மணிக்கு அவளிடமிருந்து போன். "அப்பா, சைக்கிள் பஞ்சர். ஸ்பெஷல் கிளாஸுக்கு லேட் ஆயிடுச்சு. காரை எடுத்துட்டுப் போகட்டா?" பஜார் பக்கம் போகாதே, பிளாக் வழியாகவே போ என்றேன். பொறுப்பாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி வேறு.

ஒன்பதரைக்கு மறுபடி போன். அழுகையில் பாதி புரியவில்லை. ஒரு திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் வளைத்திருக்கிறாள். எதிரே சைக்கிளில் வந்த பெண்மேல் கார் மோதிவிட்டது. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து தெரு பெருக்க வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி. வலது கால் முறிந்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். மகளை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, கூட வேலை பார்ப்பவரின் பைக்கை வாங்கிக்கொண்டு பறந்தேன். வழி முழுக்க ஒரே நினைப்பு. அவள் பேர் கேஸில் வரக் கூடாது.

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஷிப்ட் சார்?"

இந்த ஊரில் பேரைக் கேட்பதற்கு முன்னால் ஷிப்டைத்தான் கேட்பார்கள். மயக்கத்தில் கேட்டாலும் பதில் வாயில் வந்துவிடும்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

"அது ரெண்டு மணிக்குத்தான சார் விடும்? இடிச்சது ஒம்போது மணிக்கு. மைன்ஸ்ல இருந்துகினே கார் ஓட்டுனீங்களா?"

பெஞ்சிலிருந்து மகள், "நான்தான்னு அப்பவே சொல்லிட்டேன்பா" என்றாள்.

"நீ சும்மா இரு பாப்பா."

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் ஏட்டு. "பொய் சொல்லி எதுக்கு மாட்டிக்கிறீங்க? உண்மைய சொன்னாலே மாட்டிக்குவீங்க. பதினெட்டு ஆவாத புள்ளைக்கு வண்டி குடுத்தா, குடுத்தவரு மேல கேஸு. மூணு வருசம் வரைக்கும் உள்ள போவலாம். வண்டி பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து. பாப்பாவுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது."

"என் மேலயே போட்டுக்குங்க சார். அவளை விட்டுடுங்க."

"ஒருத்தருக்கு பதிலா இன்னொருத்தர் ஷிப்ட் பாக்கற மாதிரியா சார் இது? உங்களுது தனி, பாப்பாவுது தனி. அது சிறுவர் போர்டுக்குப் போவும்."

எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்விட்டாள் என்று நிரூபித்தால் நான் தப்பிக்கலாமாம். அப்படிச் சொன்னால் நான் வெளியே இருப்பேன், என் மகள் திருடியாக இருப்பாள். அந்த வாசலையும் மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஏட்டு சொன்னார்: "அந்தம்மாகிட்ட இன்னும் வாக்குமூலம் வாங்கல. அவங்க சொல்றதத்தான் எழுதுவேன்." அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வழி காட்டியது போலக் கேட்டது.

மறுநாள் காலையில் ஒரு பை ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

"இருக்கேன் சார். ஆறு மாசம் கால ஊனக் கூடாதுன்றாங்க. அதுக்குள்ள கான்ட்ராக்ட்காரரு வேற ஆளப் போட்டுடுவாரு."

ஆரஞ்சுப் பையைக் கட்டில்மேல் வைத்தேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"போலீஸ் வந்தா, யார் ஓட்டினாங்கன்னு பாக்கலைன்னு சொல்லிடும்மா. சின்னப் பொண்ணு. உனக்கு ஆக வேண்டியதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் ஆரஞ்சுப் பையை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"எப்படி சார் பாக்கலன்றது? அந்தப் பொண்ணு மடியிலதான தலைய வச்சிக்கினு கெடந்தேன். சுத்தி இருந்தவங்க, 'நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு பாப்பா'ன்னாங்க. ஆம்புலன்ஸு வர்ற வரைக்கும் நவுரல அது. ஓடாம இருந்தது உங்க பொண்ணு. ஓடப் பாக்கறது நீங்கதான் சார்."