கொக்கர் முடிவதற்குள்

வாய் கொப்புளித்த தண்ணீர், நான் துப்புவதற்கு முன்பே இடது பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுபடியும் ஒரு மிடறு அள்ளினேன், மறுபடியும் வழிந்தது. முகம் கழுவியபோது தண்ணீர் இடது கண்ணுக்குள் நேராகப் போய் எரிந்தது, இமை மூடவேயில்லை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் இந்த வுழூவை நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்துவருகிறேன். என் வாய் என்னிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

குசினிக்குள் போனேன். என் கணவர் நசீர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில், இழுவைப் படகொன்றின் எஞ்சின் அறையில் வேலை. எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். என் கன்னத்தையும் விரலால் தட்டினார்.

"எங்க, சிரி பாப்பம்."

சிரித்தேன். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துத்தான் என்னுடையது எப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

சத்தம் கேட்டு மாமி வந்தார். நசீரின் உம்மா; எங்களோடு கிண்ணியாவில்தான் இருக்கிறார். என்னை ஒரு தடவை பார்த்ததும் காரணம் சொல்லிவிட்டார். "கச்சான் காத்து அடிச்சிரிக்கி. பஸ்ஸில யன்னல் கரையில குந்தாத எண்டா கேக்கமாட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவது காரணத்தையும் சொன்னார். "அந்தக் கொக்கப் போல வாய நெளிச்சிக் காட்டாத, அப்படியே நிண்டிரும் எண்டு எத்தின தரம் சொன்னன்? இப்ப நிண்டிட்டுது பாரு."

அந்தக் கொக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நானும் நசீரும் பல வருடங்களாக விடாமல் பார்த்துவந்த ஒரு கார்ட்டூன் தொடர். ஆங்கிலத்தில் பேசும், கீழே எழுத்து ஓடும். கார்ட்டூன் என்றாலும் பிள்ளைகளுக்கானது இல்லை. விவாகரத்து, வேலைச் சலிப்பு, சாவு, கொஞ்சம் கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. எப்போதும் வெள்ளத்தில் கிடக்கும் ஒரு ஊரில், நகரசபையில் ஆட்களின் குறைகளைக் கேட்டு எழுதும் முறைப்பாட்டுப் பிரிவில் இருக்கும் நடுத்தர வயதுக் கொக்குதான் கதாநாயகன். கதவை மூடிவிட்டு நாங்கள் கார்ட்டூன் பார்க்க, எங்கள் மகள் ஹனா வெளியே மாமியோடு இருந்து கைப்பேசியில் செய்தி பார்ப்பாள். எங்கள் வீட்டில் அந்தக் கொக்குக்குக் 'கொக்கர்' என்று பெயர். தொடருக்கும் அதே பெயர்தான்.

கொக்கர் ஒரு பக்க வாயால் மட்டும்தான் பேசுவார். வரைந்தவர்களின் சோம்பலோ, வேண்டுமென்றே செய்ததோ தெரியாது. அதைப் போலவே வாயைக் கோணி நான் பேசிக்காட்டினால் நசீர் கதிரையை விட்டு விழுந்து சிரிப்பார். அதைத்தான் மாமி சொன்னார்.

ஓட்டோவில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பாரிசவாதம் என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. எனக்கு வயது முப்பத்தெட்டு.

வைத்தியர் என்னைவிட இளைய பெண். "புருவம் ரெண்டையும் உயர்த்துங்கோ," என்றார். வலது மட்டும் போனது. "நெத்தியும் வேலை செய்யேல்ல. நல்லது."

எனக்குக் கோபம் வந்தது. பாதி முகம் செத்துக் கிடக்கிறது, இதில் என்ன நல்லது? அவர் பொறுமையாக விளக்கினார். பாரிசவாதத்தில் (மூளைக்கு இரத்தம் போவது தடைப்படும் நோய்) பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். எனக்கு நெற்றியும் சேர்ந்து போயிருப்பதால் இது முகநரம்பு வாதம் (காதுக்குப் பின்னால் வரும் நரம்பு வீங்கி, முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போவது). இதை வாசிக்கும் யாருக்காவது ஒருநாள் வாய் கோணினால், கண்ணாடிக்கு முன் நின்று புருவத்தைத் தூக்கிப் பார்த்து நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரை எவ்வளவு கெதியாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஸ்டீரொய்ட் மாத்திரை (வீக்கத்தைக் குறைப்பது) தந்தார். கண்ணுக்குத் துளிமருந்தும், படுக்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்டரும் தந்தார்.

"எப்ப சரிவரும் டொக்டர்?"

"கனபேருக்குக் கொஞ்சக் கிழமையில திரும்பத் தொடங்கும். சிலருக்கு மாசக்கணக்கில இழுக்கும். ஒரு ஒன்பது மாசத்துக்குப் பிறகு என்ன மிஞ்சுதோ, அதோட வாழப் பழகவேணும்."

அந்த வாரமே இன்னொரு செய்தியும் வந்தது. கொக்கர் முடியப்போகிறார். அடுத்த வருடத் தொடக்கத்தில் கடைசிப் பருவம், அதோடு சரி. ஒன்பது மாதத்தை விரலில் எண்ணிப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. கொக்கர் முடிவதற்குள் என் முகம் திரும்பிவிட வேண்டும், கடைசி அத்தியாயத்துக்கு நான் முழு முகத்தால் சிரிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நோயாளிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கரண்டியில் முகம் பார்த்தேன், பஸ் யன்னலில் பார்த்தேன், அணைத்துவைத்த கைப்பேசியில் பார்த்தேன். குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தேத்தண்ணியை வலது பக்கத்தால் உறிஞ்சப் பழகினேன். நாக்கில் பாதிக்கு ருசி இல்லை. 'பரவாயில்லை' என்று சொன்னால் 'ஃபரவாயில்லை' என்று காற்றாகப் போனது.

வேலைக்குத் திரும்பியதும் வேறு கூத்து. நகரத்தில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் நான் வேலை செய்கிறேன். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்பதுதான் என் தொழில். என் கோணிய வாயைப் பார்த்தவர்கள், விறைப்பூசி போட்டது இறங்காமல் போனவள் என்று நினைத்துக்கொண்டார்கள். பல் பிடுங்க வந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்கும் இஞ்சதான் போட்டவங்களா?" இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் பல் வைத்தியர் என் மேசையில் ஒரு பெட்டி முகக்கவசத்தை வைத்துவிட்டு உள்ளே போனார்.

இயன்முறை சிகிச்சைக்குப் போனபோது (தசைகளுக்கு அசைவைத் திரும்பப் பழக்குவது), கண்ணாடிக்கு முன் இருந்து முகத்தைக் கோணப் பழகச் சொன்னார்கள். மூக்கைச் சுருக்கு, உதட்டைக் குவி, வாயை ஒரு பக்கம் இழு. எல்லாம் நான் இத்தனை வருடம் இலவசமாகச் செய்த வேலை. வீட்டில் பயிற்சி செய்வதைப் பார்த்த மாமி தலையில் கை வைத்தார். "இன்னமும் நெளிக்கிறாளே!" வைத்தியர் சொன்னது என்று விளக்கினேன். "அப்ப அந்த டொக்டரும் கொக்குத்தான் பாக்கிறா போல," என்றார்.

பழைய அத்தியாயங்களை முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினோம். எந்த இடத்தில் நான் அடக்கமுடியாமல் சிரிப்பேன் என்று நசீருக்குத் தெரியும். அந்த இடம் நெருங்கும்போது அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் இடது கன்னத்தைப் பார்ப்பார். எஞ்சின் இயங்குகிறதா என்று பார்க்கிற பார்வை. நான் சிரிப்பை விழுங்கினேன். பிறகு கையால் வாயைப் பொத்தினேன். பிறகு ஒருநாள் சிரிப்பே வராமல் போனது. முகத்தை இழந்தபோது வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது.

"என்ன பாக்கிறீங்க? நான் என்ன படகா?"

"எப்ப வரும் எண்டு பாக்கிறன். வேற என்ன?"

"பாக்காதீங்க. பாத்தா வராது."

அவர் கதிரையைத் தூக்கி எனக்கு முன்னால் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பல மாதம் அப்படித்தான் பார்த்தோம். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்து நான் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

மழை தொடங்கிய காலத்தில் இடது உதட்டோரம் முதல்முறை துடித்தது. கொக்கர் தன் முறைப்பாட்டைத் தானே வாங்க மறுக்கிற காட்சி. "வந்திட்டுது!" என்று கத்தினேன். நசீர் திரும்பிப் பார்த்தார். சந்தோஷம் வந்த வேகத்தில் அவருடைய முகத்தில் ஒரு குழப்பமும் வந்தது. "ஏன் கண்ணடிக்கிற?" என்றார்.

நான் கண்ணடிக்கவில்லை. வாய் சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொண்டது. நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் பாதை மாறிப் போய்விடும், அதனால் ஒரு தசையை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசையும் என்று வைத்தியர் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. சாப்பாடு வாய்க்குள் போனதும் இடது கண்ணில் நீர் ஓடியது.

"எச்சில் சுரக்கப் போகவேண்டிய இழை, வழிமாறிக் கண்ணீர்ச் சுரப்பியில போய்ச் சேர்ந்திட்டுது," என்றார் வைத்தியர். "வேணுமெண்டா ஊசி மருந்து இருக்கு. பயப்பட ஒண்டுமில்லை."

சோறு தின்றால் அழுகிற ஒருத்தியாக ஆகிவிட்டேன். மாமி வேளைக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவார், இதைக் கண்டதில்லை. நாங்கள் சாப்பிடும்போது என் இடது கண்ணைத் துடைத்துவிடுவது நசீருக்குப் பழக்கமானது. துடைத்துவிட்டு அதே கையால் கறியைப் பிசைவார்.

கொக்கரின் கடைசிப் பருவம் வாரத்துக்கு ஒன்றாக வரத் தொடங்கியது. அது முடியும் முன்பே தலைப்பிறை கண்டு நோன்பு தொடங்கியது. எங்கள் வீட்டில் ரமழான் மாதம் டிவி கிடையாது. மாமி வருடாவருடம் அதன் மேல் பூப்போட்ட மேசைவிரிப்பைப் போட்டு மூடிவிடுவார். அந்த மாதத்துக்குள்தான் கடைசி அத்தியாயம் வந்தது. உலகமெல்லாம் அதைப் பார்த்துவிட்டது. நான் கைப்பேசியைத் தொடவே பயந்தேன். பசி ஒரு பொருட்டில்லை. விரிப்புக்குக் கீழே முடிவு காத்துக் கிடக்கிறது என்பதுதான் என்னை நடக்கவைத்தது. ஒன்பது மாதமும் முடிந்திருந்தது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். முக்கால் சிரிப்பும் ஒரு மூடிய கண்ணும். மிஞ்சியது இதுதான்.

பகலெல்லாம் என் கண் வறண்டு கிடக்கும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த அடுத்த கணம் இடது கண் பொலபொலவென்று ஓடும். முதல் நாள் மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மெல்லிய குரலில் சொல்வது கேட்டது. "எங்கட மருமகள் நோன்பு திறக்கக்குள்ள அல்லாஹ்வ நினைச்சு அழுவுறா. நான் அவள என்னமோ எண்டு நினைச்சிட்டன்."

இத்தனை வருடத்தில் மாமி என்னைப் பற்றிச் சொன்ன மிக நல்ல வார்த்தை அது. அது நரம்பு செய்கிற வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நசீர் தலையைக் குனிந்து கஞ்சியைக் குடித்தார். அவருடைய தோள் குலுங்கியது.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, வருகிறவர்கள் எல்லாம் வந்து போய், ஹனா தோழிகளோடு போனபிறகு நசீர் மேசைவிரிப்பைத் தூக்கினார். நான் ஒரு தீர்மானத்தோடு இருந்தேன். இந்த அரைமணி நேரம் ஒன்றும் தின்னமாட்டேன். கண்ணில் நீர் வந்தால் அது என்னுடையதாகவே இருக்க வேண்டும்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமி பெருநாளுக்கு அவித்த இனிப்பு வட்டிலப்பத்தோடு உள்ளே வந்தார். "பெருநாளும் அதுவுமா வாய மூடிட்டு இரிக்கிற? ஆ காட்டு." மறுக்க நேரமில்லை, கரண்டி வாய்க்குள் வந்துவிட்டது. இடது கண் ஓடத் தொடங்கியது. மாமி கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நோன்புதான் முடிஞ்சிட்டுதே, இப்ப என்னத்துக்கு அழுவுறா?"

திரையில் வெள்ளம் வடிந்துவிட்டது. முறைப்பாடு சொல்ல ஆளில்லை. கொக்கர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிரிவின் தகரக் கதவை மேலிருந்து கீழே இழுத்து மூடுகிறார். வெளியே யாரோ தட்டுகிறார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு பக்க வாயால், "நேரம் முடிந்துவிட்டது," என்கிறார். பிறகு கதவு ஒரு விரல் அளவு மேலே போகிறது. அவ்வளவுதான்.

நான் சிரித்துவிட்டேன். பொத்தாமல், விழுங்காமல், சத்தமாக. இடது கண் தன் பாட்டுக்கு மூடிக்கொண்டது. கொக்கரின் கடைசிக் காட்சியை நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். முழு முகத்தால் சிரிக்கவேண்டும் என்று இத்தனை மாதம் காத்திருந்தவள், சிரித்தபோது முகத்தை நினைக்கவேயில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கின. எனக்கு முன்னால் முதுகைக் காட்டி இருந்த நசீர் திரும்பினார். பழக்கத்தில் விரலால் என் இடது கண்ணைத் துடைத்தார். "வட்டிலப்பம்தானே?" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்து வலது பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் நனைந்திருந்தது. அவர் அதையும் துடைத்தார்.