படையலில் வைத்த மீட்டர்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீசியன் கந்தப்பனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கிவிட்டு வந்திருப்பான். ஆனாலும் கரண்ட் இருக்கிறதா என்று மீட்டரின் இரண்டு ஊசிகளையும் கம்பியில் வைத்துப் பார்க்காமல் விரல் படவிடமாட்டான். அதுவும் ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடிகள் நின்றுபோய் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் கீழேயிருந்து கத்துவார். இவன் பாட்டுக்கு ஊசியை வைத்து, எடுத்து, மறுபடி வைப்பான்.

"பொண்டாட்டி கையப் புடிக்கிறதுக்கு முன்னாலயும் மீட்டர் வச்சுப் பாத்தியாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்காம புடிச்சுத்தானே இப்புடி மாட்டிக்கிட்டேன்" என்றான், சண்முகவடிவு காதில் விழும்படி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர்தான். அவள் சிரித்தது எனக்கும் கேட்டது.

அந்த மீட்டர் அவன் சொந்தச் சொத்து. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தொழிற்சாலையை மூடியபோது பழைய சாமான்களோடு கிடந்ததை வாங்கி வந்தான். செங்கல் பருமன் இருக்கும். ஜப்பான்காரன் எந்தக் காலத்திலோ செய்தது. கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் எங்கள் மலை ஈரத்துக்குக் கொடியில் போட்ட துணியே பூத்துப்போகிறது, மீட்டர் எம்மாத்திரம்? எண் தெரிகிற கண்ணாடி இடது பக்கத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தது. கடைசி எண் மட்டும் கறுப்பாகத் தெரியும். முன்னால் உள்ளவற்றைப் பார்க்க வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். புது மீட்டர் வேண்டும் என்று டீமேக்கரிடம் கேட்டான். பார்ப்போம் என்றார். எங்கள் தோட்டத்தில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு தலவாக்கலையில் ரேடியோ, போன் திருத்துகிற பிரதாப்பிடம் கொண்டுபோனான். அதே மாதிரி உடைந்த மீட்டர் ஒன்று அகப்பட்டால் அதன் கண்ணாடியைக் கழற்றி இதில் போடலாம், தேடிப் பார்க்கிறேன் என்று பிரதாப் சொன்னான். அன்றிலிருந்து கந்தப்பனுக்கு வீட்டில் இதே பேச்சுதான். மகள் லோஜினிக்கு மாப்பிள்ளை தேடுவதை விட்டுவிட்டு மீட்டருக்குக் கண்ணாடி தேடுகிறார் என்று சண்முகவடிவு என் மனைவியிடம் அலுத்துக்கொள்வாள்.

போன வருஷம் ஆடி மழையில் ஒருநாள் மாடியில் காற்றாடிகள் நின்றன. விளக்கும் இல்லை. மழை மூட்டத்தில் பகலே இருட்டிக் கிடந்தது. குவித்த கொழுந்து சூடேறத் தொடங்கியிருந்தது. கந்தப்பன் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து ஏணியில் ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பக்கமிருந்தும் அந்தக் கம்பிக்குக் கரண்ட் வரும்படி யாரோ எப்போதோ இழுத்துவிட்டிருந்தார்கள். அது அவனுக்குத் தெரியாது. ஊசியை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"சைபர்" என்றான். என் தலைக்கு மேலே, தெளிவாகச் சொன்னான். பிறகுதான் கை வைத்தான்.

இருநூற்று முப்பதில் இரண்டும் மூன்றும் அந்த இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை. கடைசிச் சைபர் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. அவனைக் கீழே இறக்கியபோது உயிர் இல்லை.

செத்தவன் மேல் அப்போது யாரும் ஒரு குறை சொல்லவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை மாலையோடு வந்தார். டீமேக்கர் அழுதார், பொய் சொல்வானேன், உண்மையாகவே அழுதார். கந்தப்பனின் கைக்கடிகாரம், செருப்பு, மீட்டர் எல்லாவற்றையும் சண்முகவடிவிடம் கொடுத்தார்கள். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். இனிமேல் ஒரு விசாரணை வரும், அதில் அவன் பக்கம் சாட்சி வேண்டியிருக்கும் என்று லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கருமாதிக்குச் சில நாள் முன்பு பிரதாப் போன் பண்ணினான். அதே மாதிரி மீட்டர் கிடைத்துவிட்டது, அண்ணனை வரச் சொல்லுங்கள் என்றான். அவனுக்குச் சாவுச் செய்தி எட்டியிருக்கவில்லை. சண்முகவடிவு மகளைக் கூட்டிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினாள். நிறைவேறாத ஆசையோடு போனவருக்கு நாம்தான் அதை நிறைவேற்றிவைக்க வேண்டும் என்றாள். பிரதாப் அவர்களை உட்காரவைத்து, பழைய கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் பொருத்திக் கொடுத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான்.

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். எங்களுக்குப் படையல் கிடையாது. ஆனாலும் கருமாதியன்று அவன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வாழை இலையில் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் மடித்த வேட்டி, கடிகாரம், மீட்டர். எண்கள் கன்னங்கரேலென்று தெரிந்தன. "பாத்தீங்களா அண்ணே, அவரு ஆசப்பட்ட மாதிரியே" என்றாள். நல்ல காரியம் செய்தாய் தங்கச்சி என்று நானும் சொன்னேன். அவள் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது.

சாவைப் பற்றிய விசாரணை அதற்கடுத்த மாதம் தோட்ட ஆபீசில் நடந்தது, நடத்த வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தோட்ட நிர்வாகத்தின் சார்பில் பேசிய ஆள், கந்தப்பன் சோதித்துப் பார்க்காமல் கம்பியில் கை வைத்துவிட்டான் என்றார். பார்க்காமல்! கந்தப்பனா! எனக்கு ரத்தம் கொதித்தது. இக்னேசியஸ் என்று என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை ஊசி வைத்தான், சைபர் என்றான், கண்ணாடி மங்கிப்போன மீட்டர் அவனை ஏமாற்றிவிட்டது என்றேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஒரு கிளார்க் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

சண்முகவடிவு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்ததை லோஜினி ஓடிப்போய் எடுத்துவந்தாள். சுவரில் இருந்த பிளக்கில் ஊசியை வைத்தார்கள். இருநூற்று முப்பத்தொன்று. அறையின் மறுகோடியிலிருந்தே படிக்கலாம் போல இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

சண்முகவடிவு எழுந்து, கண்ணாடியைத் தானே கொண்டுபோய் மாற்றி வாங்கினதாகச் சொன்னாள். பழைய கண்ணாடி எங்கே என்று கேட்டார்கள். பிரதாப்புக்குப் போன் போட்டோம். அவன் மாற்றினது உண்மை என்றான், பழையது அப்போதே குப்பை வண்டியில் போய்விட்டது என்றும் சொன்னான். விசாரணை வருமுன்னே இதைத் திருத்த என்ன அவசரம் என்று கிளார்க் வழியாகக் கேள்வி வந்தது. அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"ஒடஞ்ச சாமானயாங்க ஐயா படையல்ல வைக்கிறது?"

கிளார்க் அதைச் சிங்களத்தில் சொன்னார். பாதிதான் சொன்னார் என்று நினைக்கிறேன். முழுதும் சொல்லியிருந்தாலும் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு காரணமாகப் பட்டிருக்காது. சோதிக்காமல் கை வைத்ததால் நேர்ந்தது என்று முடிவு வந்தது. பார்த்துப் பார்த்துத் தொட்டவன் பார்க்காமல் தொட்டவனாக எழுதப்பட்டான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனாள். பிரதாப்பிடம் சாட்சிக்கு ஏதோ எழுதி வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கடையில் மீட்டரை எடுத்துப் பிரதாப் முன்னால் வைத்தாள்.

"தம்பி, இத பழையபடி மங்க வச்சுக் குடுக்க முடியுமா?"

பிரதாப் மீட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழசைப் புதுசாக்கத்தான் தெரியும் அக்கா என்று கடைசியில் மெதுவாகச் சொன்னான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்போது மங்க வைத்தால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள், முடிவுதான் எழுதியாயிற்றே என்றேன்.

"யாரும் நம்ப வேணாம் அண்ணே. தெவசத்துக்கு அவரு முன்னால வைக்கணும்ல? இவ்வளவு பளிச்சுன்னு இருக்கறத வச்சா, பாக்காமத்தான் தொட்டீங்கன்னு நானும் சொல்ற மாதிரில்ல இருக்கு."

திவசத்துக்கு மீட்டரை வைக்கவில்லை. அவன் ஆசையாகக் கேட்டதை வைக்காமல் விட்டோமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.