நான் உதட்டைப் பிதுக்கிய தீபாவளி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று தியாகராய நகரில் மூன்று மாடிப் புடவைக் கடை என்னுடையது. எந்தக் கடை ஓடும், எந்தக் கடை படுக்கும் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். தவறியதே இல்லை.

பக்கத்துப் புடவைக் கடைக்காரர் எங்கள் ஊர்ப் பக்கம், என்னைவிட இளையவர். ஒரு தீபாவளிக்கு முன்னால், தறிக்காரர்களிடம் புடவை எடுத்துக் கடைகளுக்குக் கடனில் போடும் சிந்தாதிரிப்பேட்டை ஏஜென்ட் என்னிடம் கேட்டார்.

"இன்னா அண்ணாச்சி, பக்கத்துக் கடைக்கு சரக்கு போடலாமா? தாங்குவாரா?"

உதட்டைப் பிதுக்கினேன். அவ்வளவுதான். அந்தக் கடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்குக் கௌரவக் குறைவு.

அவர் சரக்குப் போடவில்லை. அவரைப் பார்த்து மற்ற ஏஜென்ட்டுகளும் நிறுத்திக்கொண்டார்கள். அலமாரியில் புடவை குறைந்தது. வந்த பெண்கள் இரண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் கடைக்கு ஏறினார்கள். பொங்கலுக்குள் ஷட்டர் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி கணிச்சா கணிச்சதுதான்" என்றது தெரு. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கோட்டூர்புரத்திலிருந்து வரும் வாடிக்கைக்கார அம்மா ஒருவர், கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். அவரிடமும் இதைப் பீற்றிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓடும்னு எல்லாரும் நம்பியிருந்தா ஓடியிருக்கும் சார். படுக்கும்னு நம்பினாங்க, படுத்துடுச்சு. ரெண்டுமே நடந்திருக்கலாம். எதுன்னு கடையோட பலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நிர்ணயம் இல்லாத சமநிலைன்னு இதை நாங்க பாடமாவே நடத்தறோம்."

மூடிப்போன அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ புடவையை உதறி விரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

போன மாதம் அந்தப் பழைய பக்கத்துக் கடைக்காரரே வந்தார். பாலவாக்கத்தில் சின்னதாக ஒரு கடை போடப் போகிறாராம்.

"உங்களுக்கு அப்பமே தெரிஞ்சிருக்குல்லா அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடியே மூடியிருப்பேன். இதையாவது சொல்லுங்க. ஓடுமா?"

உள்ளே மூன்று ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்றாலும், சரக்கு போட வேண்டாம் என்றுதான் அர்த்தம் பண்ணுவார்கள்.

"ஓடும்டே," என்றேன், மூவருக்கும் கேட்கும்படி. "நல்லா ஓடும்."

அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடையை மூடவைத்தது யார் என்று மட்டும் அன்றும் நான் சொல்லவில்லை.