சுழி நேராகப் போகாது

காந்தச் சுழிகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் உட்காரத்தான் முடியாது. சிமுலேஷனைப் போட்டுவிட்டு நிமிடத்துக்கொரு தடவை திரையை எட்டிப் பார்க்கிற சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

அம்மாவுக்கு விளக்கியது

மெல்லிய காந்தப் படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்த முட்கள் வட்டமாகச் சுழன்று நிற்கும். பெயர் ஸ்கிர்மியான். மின்சாரம் விட்டால் நகரும். நீளமான பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதை உயிரோடு கொண்டு சேர்த்தால் என் முனைவர் பட்டமும் நகரும். இல்லையென்றால் சேலத்தில் இன்னொரு வருடம் விடுதிச் சாப்பாடு.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அம்மா, அப்படி என்னதான் செய்கிறாய் என்று போனில் கேட்டார். மாட்டுக்கு நெற்றியில் சுழி இருக்குமே, அது மாதிரி, மின்சாரம் விட்டால் இடம் மாறும் என்றேன். அம்மா உடனே திருப்பிக் கேட்டார்: "சுழி எடம் மாறுதுன்னா அந்த மாட்ட ஆரு கண்ணு வாங்குவாங்க?"

பதினோரு கொலைகள்

மின்சாரம் குறைவாக விட்டால் படலத்தில் உள்ள ஏதாவது குறையில் மாட்டிக்கொண்டு சுழி அசையாது. கூட்டினேன். நகர்ந்தது, ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து. எரிச்சலில் இரண்டு மடங்காக்கினேன். வட்டம் இழுபட்டு முட்டை வடிவமாகி, பட்டையின் ஓரத்தில் மோதி, இல்லாமலே போனது. அன்று மட்டும் பதினோரு சுழிகள் காலி. பக்கத்து மேசை ஆத்தூர் சுகன்யா தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்: "நீ அத ஓட்டலடி, தொரத்துற."

ஒரே ஒரு வெற்றி

திங்கட்கிழமை ஆய்வுக்குழுக் கூட்டம். சனிக்கிழமை, சிமுலேஷனின் கடைசிப் படத்தில் சுழி மறுமுனையில் நின்றது! நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கப் பொறுமை ஏது? படத்தை ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்றுதான் வீடியோவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். சுழி மேல் ஓரத்தில் மறைந்து, கீழ் ஓரத்தில் முளைத்து, மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ சோதனைக்காக இரண்டு ஓரங்களையும் ஒட்டிவிடும் வசதியைப் போட்டவள், எடுக்க மறந்திருந்தேன். முட்டிக்கொள்ள ஓரமே இல்லாத இடத்தில் யார்தான் சாவார்கள்? வசதியை எடுத்துவிட்டு ஓட்டினேன். பன்னிரண்டாவதும் போனது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அறைக்குள் நாற்பது நடை நடந்திருப்பேன். திங்கட்கிழமை குழுவிடம் சொல்லிவிட்டேன். வழிகாட்டியின் முகம் கறுத்தது. வேறு வழியில்லாமல் செத்தவற்றைக் காட்டினேன்: எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சாய்ந்தது, எவ்வளவு இழுபட்டது, எந்த இடத்தில் முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இதையெல்லாம் ஏம்மா ஒளிச்சு வெச்சிருந்தே? ஆய்வேடே இதுதானே."

நேராகப் போ, நேராகப் போ என்று ஐந்து வருடம் அதை விரட்டியவள், அது எவ்வளவு கோணலாகப் போகிறது என்று அளந்து இப்போது டாக்டர் ஆகப் போகிறேன்.