மாயாபந்தரிலிருந்து மறுபடியும் பட்டாளத்துக்கு

அந்த மெயில் வந்த மத்தியானம் நான் அந்தமானில், மாயாபந்தர் கப்பல் ஜெட்டியில் இருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இரண்டு நாளாக மழை. ஊருக்குள் எங்கேயும் சிக்னல் இல்லை, ஜெட்டியின் முனையில் மட்டும் விட்டுவிட்டுக் கிடைத்தது. டிபன் கேரியரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். தேங்கிக் கிடந்த செய்திகள் சடசடவென்று வந்து விழுந்தன. அதில் ஒன்று ராணுவ அதிகாரித் தேர்வின் ஐந்து நாள் நேர்முகத்துக்கான அழைப்பு. பெங்களூரில். அடுத்த வாரமே.

"அப்பா, கூப்பிட்டுட்டாங்க!"

நான் கத்தியதில், கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆள் கூடத் திரும்பிப் பார்த்தார். அப்பா கேரியரைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி மாயாபந்தர் ஜெட்டிக்கு சூப்பர்வைசராக வந்தவர். கப்பல் இடிப்பது போல வந்து நின்றாலும் பதறாத மனிதர்.

"மறுபடியுமா?" என்றார். உடனே அந்த வார்த்தை அவருக்கே பிடிக்காமல் போய், "நல்லதும்மா, நல்லது" என்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். குழம்பு ஊற்ற மறந்திருந்தார்.

அவர் 'மறுபடியும்' என்றதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் ஒரு தடவை பட்டாளத்துக்குப் போனவள். முப்படைகளுக்கும் அதிகாரிகளைத் தயார் செய்யும் அகாடமியில் எனக்கு இடம் கிடைத்தபோது போர்ட் பிளேர் லம்பா லைனில் எங்கள் தெருவே இனிப்பு சாப்பிட்டது. அங்கே ஒரு வருஷம் கூட முழுசாக ஓடவில்லை. முதுகில் மூட்டையோடு ஓடி ஓடி, இடது தொடையெலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் மெல்லிய கீறல் விழுந்தது. ஓய்வு கொடுத்து, பின்னால் வந்த அணியோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடி அதே இடத்தில் கீறல். மருத்துவ போர்டு உட்கார்ந்தது. பயிற்சியைத் தாங்கும் நிலையில் இல்லை என்று எழுதி, மரியாதையாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே போயிருந்தால் கதவு அத்தோடு மூடியிருக்கும். உடம்பு காரணம் என்பதால், பட்டம் முடித்துவிட்டு வேறு வழியாக வரலாம் என்று விதி இடம் கொடுத்தது.

நான் போர்ட் பிளேரிலேயே கல்லூரியில் சேர்ந்தேன். பாதி வருஷம் நடக்க மட்டும் செய்தேன். பிறகு நீந்தினேன். கடைசியில்தான் ஓட்டம். அப்பாவுக்கு மாற்றல் வந்ததும் மாயாபந்தரில் கர்மாடாங் கடற்கரை வரை ஓடிப்போய்த் திரும்புவது பழக்கமாகிவிட்டது. வழியில் கடை வைத்திருந்த பெங்காலி அண்ணன் தினமும், "பாய்ஞ்சு போகுது ஆட்டுக்குட்டி" என்று ஹிந்தியில் கேலி செய்வார். எழுத்துத் தேர்வை எழுதினேன், தேறினேன். இப்போது அழைப்பு.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கச்சால் தீவு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் இன்னும் அந்தத் தோட்டத்துத் தமிழ்தான். விஷயத்தைக் கேட்டதும் நனைந்த கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள்.

"என்னா புள்ள சொல்ற! எப்ப போவணும்?"

"ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல இருக்கணும். வெள்ளிக்கிழமை காலையில போர்ட் பிளேர்ல ஃபிளைட்."

அன்றைக்கு புதன். சாதாரண நாளாக இருந்தால் ஒன்றுமே இல்லை, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் போர்ட் பிளேர். ஆனால் மழையில் ரோட்டின் மேல் மண் சரிந்து, மரம் விழுந்து, பஸ்ஸெல்லாம் நின்றுபோயிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு கப்பல் இருந்தது. ரோடு அடைத்த செய்தி கேட்டு ஊரே அதற்கு வரிசையில் நின்று, படுக்கை எல்லாம் தீர்ந்திருந்தது.

அப்பா சாயங்காலம் வந்து, "டெக்குலதான் இடம் இருக்கு. மழை அடிச்சா நனையணும். கடல் கொஞ்சம் ஆடும். போறியா?" என்றார்.

"கப்பல் கம்பத்துல கட்டிவிட்டாலும் போறேன்."

அவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

அம்மா என் பையைக் கட்டினாள். சான்றிதழ்கள், புது ஷூ, வெள்ளைச் சட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் லம்பா லைன் சித்திக்கு என்று ஒரு பொட்டலம் கருவாடு. நான் அதை எடுத்து வெளியே வைத்தேன். அவள் திரும்ப உள்ளே வைத்தாள். "பட்டாளத்துக்காரங்க மோந்து பாத்துத்தான் மார்க் போடுவாங்களா?" என்றாள். கடைசியில் கருவாட்டுக்குத் தனிப்பை என்று சமாதானம் ஆனோம்.

கப்பல் புறப்பட்டு மாயாபந்தர் மேடு மழைக்குப் பின்னால் மறைந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயம் இல்லை. பந்தயத்துக்கு முன்னால் கால் தானாகத் துள்ளுமே, அது. டெக்கில் தார்ப்பாயின் கீழ் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் காய்கறிக் கூடைகளோடு ஒரு பெங்காலிப் பெரியம்மா, எல்லோருக்கும் மாசி. எதிரில் மீன் வியாபாரம் செய்யும் தெலுங்குக்காரர் ஒருவர், அவர் மனைவி. அலை அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"கஹாங் ஜா ரஹீ ஹோ, பேட்டி?" எங்கே போகிறாய் என்று மாசி கேட்டாள்.

"ஃபௌஜ் கா இன்டர்வியூ, மாசி. அஃப்சர் கா."

அவ்வளவுதான். ராணுவ அதிகாரி இன்டர்வியூவுக்குப் பெண் போகிறாள் என்ற சேதி டெக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. தெலுங்குக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் கர்னல்" என்று ஹிந்தியில் அறிவித்தார். "கேள்வி கேட்பேன். நிமிர்ந்து உட்காரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கப்பல் சாய்ந்தது, கர்னல் ஒரு கூடையின் மேல் விழுந்தார். வட்டம் முழுக்கச் சிரித்தது. அவர் விடவில்லை. அந்தமானில் எத்தனை தீவு, பக்கத்து நாடு எது, புயல் வந்தால் என்ன செய்வாய், உனக்குக் கீழே இருக்கிற சிப்பாய் உன் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வாய். ஒவ்வொரு பதிலுக்கும் வட்டமே தீர்ப்புச் சொன்னது. சில பேர் எனக்காக வாதாடினார்கள். சிப்பாய் கேள்விக்கு நான் சொன்ன பதில் பிடிக்காமல் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கர்னலின் மனைவி அதுவரை வாயே திறக்கவில்லை. "முதல்ல போய்ட்டு ஏன் விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள். நான் ஏற்கெனவே அகாடமியில் இருந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

கீறல், ஓய்வு, மருத்துவ போர்டு, விதி, நீச்சல் என்று நான் மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பதிலைச் சொன்னேன். பாதியிலேயே மாசி கொட்டாவி விட்டாள். வட்டத்தில் இருந்தவர்களில் சிலர் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதிலை அங்கேயே கடலில் போட்டேன்.

ஃபீனிக்ஸ் பேயில் இறங்கும்போது முழங்கால் வரை உப்பு. டெக்கே கையசைத்தது. சித்தி வீட்டில் குளித்து, கருவாட்டை ஒப்படைத்து, தூங்கி எழுந்தால் வானம் வெளுத்திருந்தது. விமானம் கிளம்பியது.

பெங்களூரில் முதல் நாள் வடிகட்டலிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மீதி இருந்தவர்களுக்கு மார்பில் எண் மாட்டினார்கள். எனக்கு அந்த நாள்கள் எல்லாமே பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, தரையில் கால் படாமல் அக்கரைக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம், பலகை நழுவியது, நான் முழுசாகக் கீழே விழுந்தேன். எழுந்ததும் பஞ்சாப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். "இன்னொரு தடவை" என்றாள். இந்தத் தடவை அக்கரை சேர்ந்தோம். மேலெல்லாம் மண். நேரம் போனதே தெரியவில்லை.

நேர்முகம் எடுத்தவர் நரைத்த தலையோடு இருந்த ஒரு பெண் அதிகாரி. தீவுகளைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நான் படிப்பதைப் பற்றி விசாரித்தார். ஏன் விட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்காக நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"வீட்டுக்குப் போகலாம் என்று அகாடமியில் சொன்ன அன்றைக்கு, உள்ளுக்குள் நிம்மதியாக இருந்ததா?"

இதை எந்தக் கண்ணாடி முன்னாலும் நான் ஒத்திகை பார்த்ததில்லை.

"ஆமாம், மேடம்" என்றேன். "வலி நின்றது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் காலையில் ஐந்து மணிக்கு முழிப்பு வரும். எழுந்து நிற்பேன், போவதற்கு இடம் இருக்காது. அந்த முழிப்பு இன்றைக்கு வரைக்கும் நிற்கவில்லை."

அவர் என்னையே பார்த்தார். "மறுபடி எலும்பில் கீறல் விழுந்தால்?"

"அப்போது எனக்குப் பலம்தான் இருந்தது, மேடம். ஓடத் தெரியாது. இப்போது தெரியும்."

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. போகலாம் என்று தலையசைத்தார். வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். மனசு லேசாக இருந்தது.

ஐந்தாவது நாள் எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். ஓர் அதிகாரி தேர்வானவர்களின் எண்களை வாசித்தார். எங்கள் வரிசையில் ஒன்றிரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு ஒரு எண் வாசித்தார், யாரும் எழவில்லை. இன்னொரு தடவை வாசித்தார். பஞ்சாப் பெண் என் முதுகில் ஓங்கி அடித்தாள். "அரே, நீதான்!" குனிந்து என் மார்பைப் பார்த்தேன். நான்தான். அவள் எண் வாசிக்கப்படவில்லை. அப்படியும் என்னைக் கட்டிப்பிடித்து முதலில் குதித்தவள் அவள்தான். அடுத்த முறையில் அவளும் தேறினாள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. எனக்கு உண்மையான பரீட்சை அதுதான். ராணுவ ஆஸ்பத்திரியில் என் பழைய காகிதங்களைப் பார்த்த டாக்டர் புருவத்தைத் தூக்கினார். தொடையெலும்பை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள். அவர் படங்களை வெளிச்சத்தில் வைத்துக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு, "இடது காலில் மட்டும் குதியுங்கள்" என்றார்.

குதித்தேன். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. மேஜையில் இருந்த பேனா அதிர்ந்து உருண்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்! கட்டடம் பழசு" என்று சிரித்தார். "எலும்பு அருமையாகச் சேர்ந்திருக்கிறது. எங்கே ஓடிப் பழகினீர்கள்?"

"கடற்கரையில், சார்."

"தொடர்ந்து ஓடுங்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இறுதிப் பட்டியல் வர இன்னும் மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்களில் அப்பா வீட்டில் யார் போன் அடித்தாலும் முதல் ஆளாக எடுப்பார். பட்டியல் வந்த அன்று நான் ஓட்டம் முடிந்து கர்மாடாங் மணலில் படுத்திருந்தேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் அப்பா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே மணலில் ஓடி வந்தார், செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று கிடந்தது.

"வந்துருச்சும்மா! உன் பேர் இருக்கு! நான் நாலு தடவ படிச்சேன்!"

அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அலையில் போய் நின்றோம், அவர் யூனிஃபார்ம் பேன்ட் நனைய நனைய.

சென்னையில் பயிற்சி. ஒரு முழு வருஷம் கூட இல்லை, ஆனால் கடினம்தான். எலும்பு தாங்கியது. கடைசி நாள் அணிவகுப்பு முடிந்து, தோளில் நட்சத்திரங்களை மூடியிருந்த துணியை எடுக்க அம்மாவும் அப்பாவும் மைதானத்துக்குள் வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. அப்பா தன் பக்கத்தை முறையாக எடுத்துவிட்டு விறைத்து நின்றார். அம்மாவுக்கு அந்தச் சின்னக் கொக்கி கழலவில்லை. பக்கத்தில் மற்ற குடும்பங்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. சிரிப்பை அடக்க முடியாமல் என் தோள் குலுங்கியது.

"ஆடாம நில்லு புள்ள" என்று லெஃப்டினன்ட்டை அதட்டினாள் அம்மா. நான் ஆடாமல் நின்றேன்.