மணி அடித்ததை யார் கண்டது

சரித்திரப் பாடத்தில் மூன்று தரம் கோட்டைவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அதனாலேயே சரித்திரக் கட்டுரை எழுதும் முறை தன்னைப்போல் தெரிந்தவர் எங்கள் ஊரான உப்புவெளியில் எவருமில்லை என்று அவர் நம்பினார். எட்டாம் வகுப்பில் படித்த நானும் நம்பினேன்.

மாமா திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிளாக்கர். அங்கே ஒவ்வொரு தொகைக்கும் ஒரு சீட்டு. எண்ணும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் சீட்டின் பின்பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். மிஞ்சிய வெற்றுச் சீட்டுகளோடு அந்த முறையையும் மாமா எனக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு சீட்டில் ஒரு விஷயம். பின்பக்கத்தில் 'யார் கண்டது' என்பதற்குப் பதில். பிறகு எல்லாவற்றையும் குசினி நிலத்தில் மூன்று வரிசையாக அடுக்கவேண்டும்: காரணம், நடந்தது, விளைவு. காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை இருக்கும்.

"இந்த ஒல்லாந்தரை ஒருக்கா எடு பிள்ளை, சோறு வடிக்கவேணும்" என்று, ஒல்லாந்தர் ஆட்சிச் சீட்டுகளைத் தாண்டமுடியாமல் அம்மா கத்துவார்.

அந்த மாரியில் துறைமுகத்தில் கிறேனின் வடம் அறுந்து, மூதூர்த் தொழிலாளி ஒருவர் மூட்டைகளுக்கு அடியில் இறந்துபோனார். வடம் பழுதென்று முன்பே சொல்லியிருந்தார்களாம். அடுத்த நாளும் அதே கிறேனில் வேலை செய்யச் சொன்னார்கள். அன்று காலை ஒன்பது மணிக்கு யாரோ மத்தியானச் சாப்பாட்டு மணியை அடித்துவிட்டார்கள். மணி கேட்டதும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மூன்று நாள் ஒரு மூட்டையும் இறங்கவில்லை. மணி அடித்தவன் அகப்பட்டால் வேலையும் போகும், சிறையும் கிடைக்கும் என்று ஊரெல்லாம் ஒரே கதை.

அந்தக் கிழமை மாமா கரண்டியால் சோறு சாப்பிட்டார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. மூட்டை தூக்கியதில் உரசிவிட்டதாம். வெள்ளைக்காரத் துரை வந்திட்டார் என்று நான் பகிடி பண்ணினேன். அம்மா சிரிக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, 'எங்கள் ஊரில் அண்மையில் நடந்த ஒரு நிகழ்வு' பற்றிச் சரித்திர முறையில் எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னார். மாமாவைத் திகைக்கவைக்கவேண்டும் என்ற ஆசையில் நான் தனியே சீட்டு அடுக்கினேன். மாமா அம்மாவுக்கு இரகசியமாகச் சொன்னதெல்லாம் ஏற்கனவே என் காதில் விழுந்திருந்தது. மணிக்கயிறு மழையில் நனைந்து வழுக்கியது. அடித்தவர் அதைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தார். கடைசிக் கிறேன் நிற்கும்வரை விடவில்லை. இந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில் தயங்காமல் 'மாமா' என்று எழுதினேன். கட்டுரையிலும் 'இதனை நேரில் கண்டவர் எனது மாமா' என்று பெருமையாகச் சேர்த்து, வெள்ளிக்கிழமை கொப்பியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் மாமா முகம் கறுத்துப்போய் வந்தார். மணி விஷயமாகத் திங்கட்கிழமை விசாரணையாம். ஒவ்வொருவராகக் கூப்பிடப்போகிறார்களாம்.

"கண்ட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இனி, கண்டும் சொல்லாதவன் எண்டு பிடிப்பாங்கள். வீட்டுக் கதை ஒண்டும் வெளியில போகப்படாது, விளங்குதோ?" என்றார் அம்மா என்னைப் பார்த்து.

கொப்பி எங்கே கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரீச்சரின் புருஷன் துறைமுகக் கந்தோரில் பெரிய கிளாக்கர். என் கொப்பி அவர் வீட்டு மேசையில் கிடக்கிறது. கண்டவர் யார் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமாவைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லவைப்பார்கள். மறுத்தால் வேலையிலிருந்து துரத்துவார்கள். அந்த இரண்டு நாளும் தெருவில் போன ஒவ்வொரு ஜீப்பும் எங்கள் படலையில் நிற்கப்போவதாகவே பட்டது. சனிக்கிழமை சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஞாயிறு மத்தியானம், சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது.

"கயிறு நனைஞ்சிருந்ததெண்டும் எழுதினனியோ?"

"ஓம்."

"கையில சுத்தினதெண்டும்?"

"ஓம் மாமா. நீங்கள்தானே விவரம் வேணுமெண்டு சொன்னனீங்கள்."

மாமா நிலத்தில் குந்திவிட்டார். பிறகு, "ஒழுங்கு சரியோ? காரணம் முதல்ல வந்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என் தலையைத் தடவினார். அவர் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனது எனக்கு நினைவில்லை. ரீச்சர் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதில் கட்டுரை இல்லை. அந்தத் தாள்களைப் பிளேட்டால் நேராக வெட்டி எடுத்திருந்தார். அடுத்த பக்கத்தில் சிவப்பு மையில், 'தலைப்புக்கு ஏற்ப எழுதவில்லை. பூச்சியம். கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி பற்றி எழுதி வருக' என்றிருந்தது.

பயம் போன இடம் தெரியவில்லை; அத்தனையும் கோபமாக மாறிவிட்டது. அவ்வளவு ஒழுங்காக அடுக்கியதற்குப் பூச்சியமா? பின்னேரம் மாமா வேலை போகாமல் முழுசாக வீடு திரும்பினார். எல்லோரையும் கேட்டார்களாம், எவரும் எதையும் காணவில்லையாம், விசாரணையை முடித்துவிட்டார்களாம். நான் கொப்பியை நீட்டி அழுதேன். மாமா வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடியக் கடற்கரைக்குப் போய், பெரிய பாரை மீன் ஒன்று வாங்கிவந்து, ரீச்சர் வீட்டில் கொடுக்கச் சொன்னார். பூச்சியம் போட்டவருக்கு மீனா என்று எனக்கு மானமே போனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரீச்சர் மீனை வாங்கிக்கொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாமாவின்ர கைக் காயம் மாறிட்டுதோ?"

"ஓம் ரீச்சர். இப்ப கையாலதான் சாப்பிடுறார்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மாமாவின் கையைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. ஒரு சீட்டுக்கூட அதற்கென்று வைக்கவில்லை. பிறகு ரீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று பஸ் நிற்குமிடம்வரை யோசித்துக்கொண்டு போனேன். பஸ் வந்ததும் மறந்துவிட்டேன்.